நான் உடைத்த மேய்ப்பன்

2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 12, சனிக்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். செபம் சொன்னேன். சூளை ஆறிவிட்டதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஆறவில்லை. முந்தின நாள் அச்சிலிருந்து எடுத்த வானதூதர்களின் ஓரப் பிசிறுகளைச் சீவினேன். வெயில் ஏறி உப்பளத்துக் காற்று எழுந்ததும் கிழக்குச் சன்னலைச் சாத்தினேன். அந்தக் காற்று பட்டால் ஈர மண் வெடித்துவிடும். மதியம் சோறும் மீன் குழம்பும். சற்று உறக்கம். மாலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏழுமலையின் முதல் வருடத் திதிக்கு அவன் வீட்டுக்குப் போனேன்.

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதினேன். எழுதாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன்.

ஏழுமலையின் முகத்தை உடைத்தவன் நான். அவன் இறந்தபின், அந்த முகம் வேண்டும் என்று அவன் மனைவி அஞ்சலை என்னிடம் வந்து கேட்டாள். அது முன்பே உடைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். பிறகு... அந்தப் பொய்யை உண்மையாக்குவதற்காக உடைத்தேன்!

நான் மண்ணில் சிறு உருவங்கள் செய்பவன். கிறிஸ்து பிறப்புக் குடிலில் வைக்கும் உருவங்கள். பெரிய தலை, சின்ன உடம்பு, ஒரு சாண் உயரம். உங்களில் சிலருடைய வீட்டுக் கண்ணாடி அலமாரியில் என் கைவேலை ஒன்றிரண்டு இருக்கலாம். உப்புக்கூடை சுமக்கும் வானதூதர், வலையைத் தோளில் போட்ட ராஜா, முக்காடிட்ட மாதா... என் மாதாவுக்கும் ராஜாக்களுக்கும் மரக்காணத்து மனிதர்களின் முகங்கள்தாம். வெள்ளைக்காரர் முகம் வைத்துச் செய்த மேய்ப்பர்களையே பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதைத் தொடங்கினேன். புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் வாங்கி வைத்தார். பிறகு சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வருடம் ஒரு புது உருவம் என்று சேர்க்கத் தொடங்கினார்கள்.

சேர்ப்பவர்களுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு கிறிஸ்துமஸுக்குச் செய்த உருவத்தை மறு கிறிஸ்துமஸுக்குச் செய்ய மாட்டேன். ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, வந்திருப்போர் முன்னிலையில், அந்த வருடத்து அச்சைச் சுத்தியலால் உடைப்பேன். உடைந்த துண்டுகளைக் கழுவெளி ஏரித் தண்ணீரில் போட்டுவிடுவோம். கைதட்டுவார்கள். என் மனைவி ரோஸ்லின் எல்லோருக்கும் கேக்கும் காபியும் கொடுப்பாள். அது எங்கள் வீட்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

"அருளப்பன் சொன்னால் சொன்னதுதான்" என்று கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லுவார். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

2004ஆம் வருடத்து உருவம், மேய்ப்பன். அதற்கு முகம் கொடுத்தவன் ஏழுமலை.

அவன் உப்பளக் கூலி. விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாருவான். வெயில் தாங்காத நேரம் வந்ததும் கரையேறிவிடுவான். வீட்டுக்குப் போகிற வழியில் என் கொட்டகைக்கு வந்து உட்காருவான். கால் விரல்களின் இடுக்கில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். உட்கார்ந்த நிமிடத்திலிருந்து எழுந்து போகும்வரை வாய் ஓயாது.

"அண்ணே, என்னப் போயி மேய்ப்பனாக்கிட்டீங்களே! எனக்கு ஆட்டக் கண்டாலே ஆவாது. ஒரு கெடா என்ன முட்டி வரப்புலேர்ந்து பாத்தியில தள்ளிடுச்சு, தெரியுமா?"

"ஆட்டை உன் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில்தான் நிற்கப்போகிறது."

"பக்கத்துலயும் வாணாம்ணே. அந்தாண்ட தள்ளி நிக்க சொல்லுங்க. கொயந்த ஏசு பொறந்தன்னிக்கு அது என்ன முட்டிச்சுன்னா, அவருக்கும் அசிங்கம் எனக்கும் அசிங்கம்."

சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் நான் பிடிக்க முயன்றேன். உதடு முழுதாக விரியாது. இடப்பக்கம் மட்டும் மேலேறும். அடுத்த வார்த்தை வாய்க்குள் காத்துக்கொண்டிருப்பது போல இருக்கும். எத்தனை முறை வழித்தெறிந்தேன், எத்தனை முறை திரும்ப ஒட்டினேன்! ஒரு நாள் அது வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த வாய் அதுதான். கர்வத்தோடு சொல்கிறேன்... அந்தக் கர்வமும் இந்தப் பாவத்தில் ஒரு பங்கு.

"உனக்கு ஒன்று எடுத்துத் தருகிறேன், ஏழுமலை" என்றேன்.

"எனக்கு எதுக்குண்ணே? வூட்ல கண்ணாடி இருக்குது" என்றான்.

அதை நான் வசதியாக எடுத்துக்கொண்டேன். மேய்ப்பன்கள் எல்லாம் முன்பதிவிலேயே போய்விட்டன. ஒவ்வொரு உருவத்திலும் ஒன்றை எனக்கென்று வைத்துக்கொள்வது வழக்கம். மேய்ப்பனில் அதையும் கடைசி நாளில் ஓர் அம்மையாருக்குக் கொடுத்துவிட்டேன். அச்சுதான் கையில் இருக்கிறதே என்ற எண்ணம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் குப்பத்து ஜனங்கள் தங்கியிருந்தார்கள். ரோஸ்லின் அங்கே கஞ்சி காய்ச்சப் போனாள். மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது; போயிற்று. யார் வருவார்கள், யாருக்குக் கைதட்ட மனம் வரும்? மேய்ப்பனின் அச்சு உடைபடாமலே இருந்தது.

மாதக் கடைசியில் கடைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார்: "எல்லாரும் கேக்கறாங்க. அச்சை உடைச்சாச்சுன்னு சொல்லிடலாமா?"

"சொல்லிவிடுங்கள்" என்றேன்.

அன்று மாலை உடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சுத்தியலை எடுத்தேன். அச்சின் முன்பாதியைத் திருப்பிப் பார்த்தேன். குழிக்குள் அவன் வாய்... எனக்குக் கை வரவில்லை. பழைய வேட்டியில் சுற்றி மேல் பலகையில் வைத்துவிட்டேன். நாளை, நாளை என்று தள்ளினேன். என் கைவேலையின் மேல் எனக்கிருந்த ஆசை, அவ்வளவுதான். ஏழுமலையை நினைத்து நான் அதைக் காப்பாற்றவில்லை. அவன் அப்போது உயிரோடு, வாய் ஓயாமல், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தான்.

2005 ஆகஸ்டில் ஒரு காலை, வரப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மார்வலி என்றார்கள். புதுச்சேரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சில நாள் முன்பு அஞ்சலை வந்தாள். கொட்டகை வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து சட்டம் போட்ட ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள்.

"பாருங்கண்ணா. அவரு போட்டோன்னு வூட்ல ஒண்ணுமே இல்ல. ஓட்டு கார்டுல இருக்கறத பெருசு பண்ணித் தரேன்னு ஸ்டுடியோக்காரரு சொன்னாரு. பண்ணிக் குடுத்துட்டாரு. இது அவராண்ணா? போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டி வெச்ச திருடன் கணக்கா இருக்குது."

பார்த்தேன். கறுப்பும் சாம்பலுமாக ஒரு முகம். உதடுகள் இறுகியிருந்தன.

"அந்த மனுசன் என்னிக்காச்சும் வாய மூடிக்கினு இருந்து பாத்திருக்கீங்களா? தூக்கத்துல கூட பேசுவாரு. இதுக்கு மாலையப் போட்டு எப்பிடிண்ணா நான் கும்புடுவேன்? இது யாரோ!"

படத்தை மறுபடி பைக்குள் வைத்தாள்.

"நீங்க செஞ்சீங்களே, ஆட்டுக்காரரு... அதுல சிரிச்சிக்கினு இருப்பாருன்னு சொல்வாரு. 'ஏய் அஞ்சல, என் மூஞ்சி மெட்ராசுல கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஏசி ரூம்ல குந்திக்கினு இருக்குதுடி, நீ இன்னாடான்னா என்ன வெறகு பொறுக்க அனுப்புற' அப்பிடிம்பாரு. ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணா. பதினாறுக்கு வெக்கணும்."

"இல்லையே அம்மா. எல்லாம் போய்விட்டது."

"அச்சு இருக்குமில்ல? அச்சு இருந்தா எத்தினி வேணா எடுக்கலாம்னு அவரு சொன்னாரு."

அச்சு இருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், வேட்டி சுற்றி, மேல் பலகையில்.

"அச்சு உடைந்துவிட்டது. ஜனவரியிலேயே உடைத்தாயிற்று" என்றேன்.

ஏன் சொன்னேன்? நீங்கள் கேட்பீர்கள். நான் என்னைக் கேட்காத நாள் இல்லை. ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லியாயிற்று. இவளுக்கு வேறு வார்த்தை சொன்னால் முதல் வார்த்தை பொய்யாகிவிடும். அது மட்டுமா? ஒன்றை எடுத்துக் கொடுத்தால் அவள் வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பாள். சேர்ப்பவர்கள் வருடா வருடம் மரக்காணத்துக்கு வருகிறார்கள். உப்பளத்துப் பக்கம் போய்ப் படம் எடுக்கிறார்கள். ஒருவர் கண்ணில் பட்டால் போதும்!

இதற்கு மேலும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஆண்டவர் பிறந்த இரவில் நின்ற மேய்ப்பனுக்கு அவள் சூடம் காட்டுவாளே, அதற்கு நான் துணைபோகலாமா என்று. வெட்கம்! சென்னையில் ஒருவர் அதே மேய்ப்பனை விஸ்கி பாட்டில்களுக்கு நடுவே வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து புன்னகைத்தவன்தானே நான்?

அஞ்சலை அழவில்லை. சற்று நேரம் யோசித்தாள். பிறகு அவள் கேட்டது நான் எதிர்பாராதது.

"ஒடஞ்ச துண்டாச்சும் கெடக்குதாண்ணா? குடுத்தீங்கன்னா ஒட்ட வெச்சிப் பாத்துக்கறேன்."

கழுவெளியில் போட்டுவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். அதுதானே வழக்கம்! ஆனால் அந்தக் கணத்தில் நான் கருணை உள்ளவனாக ஆக விரும்பினேன்... இதை நீங்கள் நம்புவீர்களா? எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

"தேடிப் பார்க்கிறேன். நாளைக்கு வா" என்றேன்.

"கண்டிப்பா தேடுங்கண்ணா. சின்னத் துண்டுகூட விட்டுறாதீங்க."

அவள் போனதும் ரோஸ்லின் கைத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"ஏங்க, அச்சுதான் மேல இருக்குதே?"

"அது உடைந்ததாகச் சொல்லியாயிற்று."

"சொல்லிட்டா ஒடஞ்சிருமா? ஒரே ஒரு பொம்ம எடுத்துக் குடுத்துட்டு, பழசு ஒண்ணு கெடச்சுதுன்னு சொல்லிடுங்களேன். அதுவும் பொய்தான். ஆனா அவ சந்தோசமா போவா."

"உனக்கு இது புரியாது. உன் வேலையைப் பார்."

அவள் பார்த்தாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. எனக்கு வழி காட்டியவள் என் வீட்டிலேயே இருந்தாள். அந்த வழியில் போக எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் அச்சை இறக்கினேன். வாசலில் ஒரு கோணியை விரித்து, முன்பாதியைக் குழிமுகம் மேலே தெரியும்படி வைத்தேன். எங்கே அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். காலில் அடித்தால் முகம் பிழைத்துவிடும். முகம் பிழைத்தால் ஒரு பிடி மண்ணை அழுத்தினாலே அவன் வந்துவிடுவான். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. சுத்தியலை வாயின் மேல் இறக்கினேன்.

ஒரே அடி. வாய் இருந்த இடம் பொடியாகிப் போயிற்று. மற்றது துண்டு துண்டாக. பொடியைத் தட்டிவிட்டு, துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒரு பையில் போட்டு, அஞ்சலை வந்ததும் கொடுத்தேன்.

"நல்லா இருப்பீங்கண்ணா" என்றாள்.

அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு வருடம் நடந்தேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "ஒரு பொய் சொன்னேன், சுவாமி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என்ன பொய், யாரிடம், அதன் பிறகு கை என்ன செய்தது... ஒன்றும் சொல்லவில்லை. சாமியார் சில செபங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சின்னப் பாவத்துக்குச் சின்னத் தண்டனை. பாவமன்னிப்பிலும் நான் அளவைக் குறைத்துக் கொடுத்தவன்!

அந்த ஆகஸ்டு 12க்கு வருகிறேன்.

அஞ்சலையின் வீட்டுக்குள் நுழைந்ததும் நேர் சுவரில் அது இருந்தது. ஒரு தட்டுப் பலகையில் சிமெண்டு குழைத்து, துண்டுகளைச் சேர்த்துப் பதித்திருந்தாள். ஓட்டு அட்டைப் படம் எங்கும் இல்லை. அச்சின் குழிமுகத்தைச் சுற்றி மல்லிகை மாலை. கீழே காமாட்சி விளக்கு எரிந்தது. விளக்கின் வெளிச்சம் கீழிருந்து விழுந்ததால் குழி, குழியாகத் தெரியவில்லை. முகம் சுவரிலிருந்து புடைத்து வெளியே வந்திருந்தது.

"நல்லா வந்திருக்குதாண்ணா? எங்க தெரு கொத்தனாரு வெள்ள சிமெண்டு குடுத்தாரு. மூணு நாளு ஒக்காந்து ஒட்டுனேன்."

"நன்றாக இருக்கிறது."

"இங்க பாருங்க ஒரு அதிசயம். நீங்க இப்பிடி வாங்க... இப்ப அப்பிடிப் போங்க. பாத்தீங்களா? எங்க போனாலும் நம்மளையே பாக்கறாரு! வர்ற சனமெல்லாம் பயந்துக்குது. எனக்குப் பயமில்ல. இருக்கறப்பவும் இப்பிடித்தான், நான் எங்க போறேன் எங்க வர்றேன்னு பாத்துக்கினே இருப்பாரு."

எனக்குக் காரணம் தெரியும். குழிவான முகத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. பார்ப்பவன் நகர நகர அதுவும் திரும்புவது போலத் தோன்றும். இந்த வேலை செய்கிற யாரும் அறிந்தது. தெரிந்தும் நான் கதவோரம் ஒதுங்கினேன். முகம் கதவோரம் திரும்பியது. தூணுக்கு இந்தப் பக்கம் வந்தேன். முகமும் வந்தது.

"வாய் மட்டுந்தாண்ணா..." என்று அஞ்சலை பக்கத்தில் வந்து சொன்னாள். "அந்தத் துண்டு கெடைக்கல. நானே சிமெண்டு வெச்சித் தடவிட்டேன். மூடினாப்புல ஆயிடுச்சு. பரவால்ல, கண்ணு அவரோடதுதான்."

சொல்லியிருக்கலாம். அப்போதே, அந்த இடத்திலேயே, "அந்தத் துண்டு கிடைக்காமல் செய்தவன் நான்தான், அஞ்சலை" என்று. வாயைத் திறந்தேன். அவளுடைய உறவுக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ என் கையில் பாயசம் கொடுத்தார்கள். குடித்தேன்.

புறப்படும்போது அவள் சுவரிலிருந்து பலகையைக் கழற்றி, மாலையை எடுத்துவிட்டு, ஒரு சேலைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"பொம்மையார்பாளையத்துல கட்டிக் குடுத்த எம் பொண்ணு தனக்கும் ஒண்ணு கேக்குதுண்ணா. அப்பா மொகம் அது வூட்லயும் இருக்கணுமாம். இத வெச்சி மண்ணுல ஒண்ணு எடுத்துக் குடுங்க. வாய மட்டும் நீங்க சரி பண்ணிடுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, அவரு எப்பிடி சிரிப்பாருன்னு."

சரி என்று தலையாட்டினேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்! கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் அல்லவா நான்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் செபம் சொல்லவில்லை. சூளையைப் பார்க்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போய், குழிமுகத்தில் மண் ஒட்டாமலிருக்கச் சாம்பல் தூவி, ஒரு பிடி மண்ணைப் பிசைந்து அழுத்தி எடுத்தேன். நெற்றி வந்தது. கண்கள் வந்தன. கன்னத்தின் குறுக்கே என் சுத்தியல் போட்ட கோடுகள் மேடு மேடாக வந்தன. வாய் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

சீவுளியை எடுத்து இடப்பக்க உதட்டை மேலே ஏற்றினேன். அது சிரித்தது. யாரோ ஒருவன் சிரிப்பது போலச் சிரித்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். என் விரல்களுக்கு மனப்பாடமாக இருந்த வாய் அது... விரல்களுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை.

மண்ணை உருட்டினேன். மறுபடியும் சாம்பல் தூவி அழுத்தினேன். வாய் மூடியபடியே வந்தது.